வெளியில நிக்கிறான்

அத்தியாயம் 11

மூன்று மாதமாக இன்பமலருக்கு அரசாங்கக் கந்தோர்க்காரர் மேல் கோபம் இருந்தது. இன்று காலை எழும்பிப் பார்த்தால் அந்தக் கோபத்தைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் இளக்காரம் வந்து குந்தியிருந்தது.

அவளுக்கு அதுவே வசதியாகப் பட்டது. கோபம் வந்தால் வேலை ஓடாது. இளக்காரத்தை வைத்துக்கொண்டு புட்டு அவிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், புருசனைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகு துடைக்கலாம். எல்லாவற்றையும் ஏழரை மணிக்குள் செய்து முடித்தாள்.

கிறிஸ்தோபர் ஒன்பது வருசத்துக்கு முன் துறைமுக வேலையில் கோதுமைக் கப்பலின் அடித்தளத்தில் விழுந்து முள்ளந்தண்டு முறிந்தவன். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. சலம் போக ஒரு ரியூப், அதன் முனையில் ஒரு பை. அந்த ரியூப்பை இரண்டு கிழமைக்கு, அதாவது பதினாலு நாளைக்கு, ஒருக்கா மாற்றியே ஆகவேண்டும். மாற்றுவதற்கு வீட்டுக்கு வரும் ஆண் தாதியின் கூலி, பை, மருந்து எல்லாம் அவன் பெயருக்கு மாதாமாதம் வந்த பத்தாயிரம் ரூபாயில் ஓடிக்கொண்டிருந்தன. கந்தோர்ப் பாசையில் அந்தக் காசுக்கு ஒரு முழ நீளத்தில் பெயர் இருக்கிறது. சனங்கள் சொல்வது பிச்சைச் சம்பளம்.

அதற்குத்தான் மூன்று மாதத்துக்கு முன் வெட்டு விழுந்தது. உங்கள் குடும்பத்துக்கு வெளிநாட்டு வருமானம் இருக்கிறது, ஆகவே பாதிக்குத்தான் தகுதி, இரண்டு வருசமாக முழுவதையும் எடுத்துவிட்டீர்கள் என்று கடிதம் வந்தது. கூடுதலாக எடுத்தது ஒரு லட்சத்து இருபதினாயிரமாம். இனி மாதம் ஐயாயிரம். அதிலும் நாலாயிரத்தைப் பிடித்துக்கொள்வார்களாம். தபால்கந்தோரில் அவள் கைக்கு ஒரேயொரு ஆயிரம் ரூபாய்த் தாள் வந்தது. இப்படி முப்பது மாதம்.

வெளிநாட்டிலிருந்து அந்த வீட்டுக்கு வந்த ஒரே சாமான் மாதா படம் போட்ட ஒரு கலண்டர். அதுவும் போன வருசத்தது.

ஆயிரம் ரூபாயில் ரியூப் மாற்றுவது மாதத்துக்கு ஒருக்கா என்றானது. போன கிழமை கிறிஸ்தோபருக்குக் குளிர்காய்ச்சல் அடித்து ஐந்து நாள் ஆசுபத்திரி வாட்டில் கிடந்தான். ரியூப்பில் கிருமி பிடித்துவிட்டது, இனி இரண்டு கிழமையைத் தாண்டினால் கிட்னி போய்விடும் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். இன்பமலர் அன்றிரவே மேன்முறையீடு எழுதினாள். இன்று பத்து மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள்.

எட்டு மணிக்குக் குணரத்தினம் வந்து இறங்கினார்.

அவர் இன்பமலரின் அக்காவுடைய புருசன். தலைமை எழுதுவினைஞராக இருந்து பென்சன் எடுத்தவர். பென்சன் எடுத்த நாளிலிருந்து, மற்றவர்களுடைய தொல்லைகளில் அவர்கள் கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டுவதே அவருடைய உத்தியோகம். இன்றும் ஒரு கடதாசியோடு வந்திருந்தார். தட்டச்சு அடித்து, புள்ளிக்கோடும் போட்டிருந்தது.

அவர் சொன்னதன் சுருக்கம் இதுதான். கொடுப்பனவுப் பகுதிக்குப் பொறுப்பான சோமசேகரம் அவரோடு வேலை செய்தவன். இன்பமலர் உண்மையை மறைத்துக் காசு எடுத்ததை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் மாத வெட்டை நாலாயிரத்திலிருந்து மூவாயிரமாக்குவான்.

“செய்யாத களவை ஒத்துக்கொண்டால் மாதம் ஆயிரம் ரூபா கழிவோ அத்தான்?” என்று கேட்டாள் இன்பமலர். “நல்ல கடை. சித்திரை வருசத்துக்கு இன்னும் இறக்குவினமோ?”

“நக்கல் பண்ணாத. கந்தோரோட மல்லுக்கட்டி ஆர் வெண்டது?”

“வெண்ட ஆக்கள் உங்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டினம்.”

அவர் முகத்தைக் கிறிஸ்தோபர் பக்கம் திருப்பினார். நீயாவது சொல்லு என்பதுபோல. கட்டிலில் கிடந்த கிறிஸ்தோபர் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். மூன்று மாதமாக அவன் அப்படித்தான். தன்னுடைய சலத்துக்காகப் பெண்சாதி கந்தோர் கந்தோராக ஏறி இறங்குவதை அவனால் கேட்டுக்கொண்டிருக்க ஏலவில்லை.

மகன் டிலுக்ஷன் விடிய ஐந்து மணிக்கே துறைமுக ஜெட்டிக்குப் போய்விட்டான். இருபத்தாறு வயது. கப்பல்களுக்குத் தண்ணீரும் மரக்கறியும் கொண்டுபோகும் லோஞ்ச் படகில் வேலை. சில மாதமாகக் கப்பல் குறைவு என்று சொல்லி வீட்டுக்குத் தருவதைக் குறைத்திருந்தான். இன்பமலர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கடலையும் கப்பலையும் நம்பியவர்களுக்கு அது இருக்கிறதுதான்.

வீடு இருந்த அன்புவழிபுரத்திலிருந்து கந்தோருக்கு பஸ்ஸில் போனாள். குணரத்தினம் மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் அங்கே காத்து நின்றார்.

*

பத்து மணிக்கு வரச்சொன்னவர்கள் பதினொன்று இருபதுக்குக் கூப்பிட்டார்கள். அதற்கிடையில் குணரத்தினம் மட்டும் கதவைத் தட்டாமல் உள்ளே போய், தேத்தண்ணி குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

சோமசேகரத்தின் மேசையில் ஒரு மின்விசிறி இருந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பக்கூடிய விசிறி. அது திரும்பாதபடி பின்னாலிருந்த ஆணியை இழுத்து விட்டிருந்தார். காற்று முழுவதும் அவருடைய நெஞ்சுக்கே போனது. முன்னால் இருக்கும் கதிரைக்கு அதில் ஒரு துளியும் கிடையாது. இதைப் பார்த்ததும் இன்பமலருக்கு அந்த மனிதரைப்பற்றி வேறொன்றும் விசாரிக்கத் தேவையிருக்கவில்லை.

“கையெழுத்து வைக்க வந்தனீங்களோ அம்மா?” என்றார் அவர்.

“இல்லை சேர், பாக்க வந்தனான். எங்கட வீட்டில வெளிநாட்டுக்காரன் ஆரெண்டு எனக்கும் அறிய ஆசை.”

படிவங்கள் கட்டிய கோவையைக் காட்ட ஏலாது என்றார் சோமசேகரம். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், அரிசிப் புழு அளவு எழுத்தில், வாக்குமூலத்தைப் பார்க்க விண்ணப்பதாரிக்கு உரிமை உண்டு என்று போட்டிருப்பதாக இன்பமலர் சொன்னாள். அப்படி ஒன்றும் இல்லை என்றார். அவள் கடிதத்தை எடுத்து, விரலை வைத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். கீழே இருந்தது அவருடைய சொந்தக் கையொப்பம். வருசக்கணக்காகக் கையொப்பம் வைத்து அனுப்புகிற கடிதத்தை அவர் இன்றுதான் முதன்முதலாக வாசிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

கோவை வந்தது.

இரண்டு வருசத்துக்கு முன் வீடு வீடாக வந்து எடுத்த மீளாய்வுப் படிவம் அது. ஏழாவது கேள்வி, பிள்ளைகளின் விபரம். டிலுக்ஷனின் பெயருக்கு எதிரே உருண்டை உருண்டையான எழுத்தில் இப்படி இருந்தது: வெளியில் நிற்கிறார். மாதாந்தம் பணம் தருகிறார். பக்கத்திலே, ஓரத்தில், அதே எழுத்தில், வேறு மையில் ஒரே ஒரு சொல். வெளிநாடு. அதற்குக் கீழே சிவப்புக் கோடு.

இன்பமலர் இரண்டுமுறை வாசித்தாள். பிறகு சிரித்தாள். சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை. ஆனால் நிறுத்தவும் ஏலாமல் இருந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். குணரத்தினம் கதவடியில் நின்று, பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார்.

இதை எழுதின பிள்ளை ஆர் என்று கேட்டாள். எழுதின பிள்ளை அடுத்த அறையிலேயே இருந்தது. பெயர் கஜந்தி. கிளிவெட்டியிலிருந்து வந்து போகிறவள். அப்போது பயிற்சியில் இருந்தாள், இப்போது நிரந்தரமாகிவிட்டாள். கூப்பிட்டதும் வந்து, மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அன்ரிதான் சொன்னீங்கள்,” என்றாள். “மகன் எங்க எண்டு கேட்டனான். வெளியில நிக்கிறான் எண்டீங்கள். வெளியில எண்டால் வெளிநாடுதானே அன்ரி? எங்கட ஊரில அப்பிடித்தான் சொல்லுறது.”

அது பொய்யில்லை. இந்த நாட்டிலே தமிழ் பேசுகிற எந்த வீட்டிலும், பிள்ளை வெளியில் என்றால் கனடா, லண்டன், கட்டார் என்றுதான் அர்த்தம். ஆனால் துறைமுகத்தில் வேலை செய்பவர்களுக்கு வேறு கணக்கு. கப்பல் துறைமுகத்துக்குள்ளே கட்டியிருந்தால் அது உள்ளுக்கு. இடமில்லாமல் கொட்டியாரக் குடாவில் நங்கூரம் போட்டுக் கிடந்தால் அது வெளியில். லோஞ்சில் போகிறவன் அந்தக் கப்பலடியில் நின்றால் அவனும் வெளியில். கிறிஸ்தோபர் வேலைக்குப் போன காலத்திலிருந்து அவர்கள் வீட்டில் இந்தச் சொல் அப்படித்தான் புழங்குகிறது. அன்றைக்கும் இன்பமலர் கடல் பக்கம் கையைக் காட்டித்தான் சொன்னாள். படிவத்தில் கைக்குக் கட்டம் இல்லை.

அவள் இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். கஜந்தியின் முகம் கறுத்துப்போனது.

“நீ நெல்லு விளையிற ஊர்ப் பிள்ளை. உனக்கு அது தெரியாது. அதில பிழையில்லை,” என்றாள் இன்பமலர். “இந்தச் சேர் ஹாபர் தண்ணி தெரியிற யன்னலுக்குப் பக்கத்தில எத்தினை வருசமாக் கதிரை தேய்க்கிறார். ஒரு பிள்ளை ஒரு சொல்லு எழுதிக்கொண்டு வந்தால், எந்த நாடு எண்டு ஒரு கேள்வி கேக்கேல்லை. வெளிநாட்டுக்கு ஒரு பேர் இருக்குமெல்லோ.”

சோமசேகரம் படிவத்தைப் பார்த்தார். உண்மைதான். நாட்டின் பெயர் எழுதுவதற்கு ஒரு கட்டம் இருந்தது. அது வெறுமையாக இருந்தது. அந்த வெறும் கட்டத்தை வைத்துத்தான் ஒரு லட்சத்து இருபதினாயிரம் கணக்குப் பார்த்திருந்தார்.

அவர் தோற்றுப்போகிற ஆள் இல்லை. கந்தோரில் இருப்பவர்கள் தோற்பதில்லை, இன்னொரு கடதாசி கேட்பார்கள். வாய்க்கதை செல்லாது, மகன் வெளியில் போகவில்லை என்பதற்கு அத்தாட்சி வேண்டும், பாஸ்போட்டைக் காட்டினால் பார்க்கலாம் என்றார்.

அவனுக்குப் பாஸ்போட்டே இல்லை என்றாள் இன்பமலர். அவன் போன ஆகத் தூரமான இடம் புல்மோட்டை, அதுவும் ஒரு கலியாணத்துக்கு. சோமசேகரம் அப்படியென்றால் ஆளைக் கூப்பிடுங்கள் என்றார். அவள் அங்கேயே போன் எடுத்தாள். தம்பி, கந்தோருக்கு வா, நீ வெளிநாட்டில இருக்கிறியாம், பாஸ்போட் கேக்கினம், இல்லையெண்டு நீயே வந்து சொல்லு என்றாள். மறுபக்கத்தில் லோஞ்சின் எஞ்சின் சத்தம்தான் கேட்டது. பிறகு, வாறன் என்றான்.

*

இருபது நிமிசத்தில் வந்தான். காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. டீசல் மணம் அறைக்குள் நிறைந்தது. சோமசேகரம் விசிறியைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

டிலுக்ஷன் தாயைப் பார்க்கவில்லை. சேட்டுக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தான். அதற்குள்ளிருந்து ஒரு கடவுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தான்.

“நான் வெளியில போகேல்லை சேர்,” என்றான். “பாருங்கோ. ஒரு சீலும் இல்லை.”

இன்பமலர் அதன் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதுவரை அந்த நிறத்தில் ஒன்றைக் கிட்ட இருந்து பார்த்ததில்லை.

சோமசேகரம் ஆறுதலாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நாலு மாதத்துக்கு முன் எடுத்த கடவுச்சீட்டு. போன அடையாளமும் இல்லை, வந்த அடையாளமும் இல்லை. அதுவரைக்கும் அது இன்பமலருக்குத்தான் சாட்சி. பிறகு விசா ஒட்டின ஒரு பக்கத்தில் அவருடைய விரல் நின்றது. அன்று காலை முழுவதும் அந்த முகத்தில் இல்லாத ஒரு சந்தோசம் இப்போது வந்தது.

“ருமேனியா,” என்று வாசித்தார். “எப்ப பயணம் தம்பி?”

“இருபத்தோராந் திகதி.”

“இண்டைக்கு ஒன்பது.” சோமசேகரம் கதிரையில் சாய்ந்தார். “அப்ப நாங்கள் எழுதினது பிழையில்லையே அம்மா. கொஞ்சம் முந்தி எழுதிப்போட்டம், அவ்வளவுதான்.”

கதவடியில் நின்ற குணரத்தினம் இதற்குச் சிரித்தார். சிரித்த பிறகுதான் யாருடைய பக்கத்துக்குச் சிரித்தோம் என்று யோசித்திருக்கவேண்டும், நிலத்தைப் பார்த்தார்.

இன்பமலர் அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். மகன் போகப்போகிறான், பன்னிரண்டு நாளில் போகப்போகிறான், அதை இந்த மனிதனின் வாயால் கேட்க நேர்ந்தது. கதிரையை விட்டு எழும்பி வெளியே போய்விடலாம்போல இருந்தது. எழும்பினால் கிறிஸ்தோபரின் ரியூப் மாதத்துக்கு ஒருக்காதான். அவள் எழும்பவில்லை.

“சேர்,” என்றாள். “நாளைக்குச் சாகப்போற ஆளுக்கு நேற்றே மரணச் சான்றிதழ் எழுதிக் குடுப்பியளோ?”

சோமசேகரம் கடவுச்சீட்டை மூடி வைத்தார்.

“ரெண்டு வருசமாக் காசு அனுப்பினான் எண்டுதானே கணக்கு எழுதினீங்கள். இந்தா நிக்கிறான், நனைஞ்ச காலோட. நாலு மாதத்துக்கு முந்தி எடுத்த புத்தகம். ரெண்டு வருசத்துக்கு முந்தி எதில ஏறிப் போனவன்? மரக்கறி லோஞ்சிலயோ?”

அவர் வாய் திறக்க முதலே, பிழையாக விளங்கியது நான்தான், அப்படி எழுதித் தரட்டோ என்று கஜந்தி கேட்டாள். சின்னக் குரல்தான். ஆனால் கேட்டுவிட்டாள். யோசித்து எழுதும் என்றார் சோமசேகரம். நிரந்தரமாகி ஆறு மாதம்தான் என்று அவளுக்கு ஞாபகப்படுத்தவும் செய்தார். அந்தப் பிள்ளை கதிரையை இழுத்து இருந்து, தகவல் தந்தவர் துறைமுக வெளியைக் குறிப்பிட்டதை வெளிநாடு என்று நான் தவறாக விளங்கிக்கொண்டேன் என்று எழுதி, கையொப்பமும் திகதியும் போட்டுக் கொடுத்தது. எழுத்து உருண்டை உருண்டையாகவே வந்தது. அந்தக் கட்டடத்திலே முள்ளந்தண்டு உள்ள ஆள் அது ஒன்றுதான் என்று இன்பமலர் நினைத்தாள்.

அதற்குப் பிறகு சோமசேகரத்துக்குத் தப்ப வழி இருக்கவில்லை. இருந்தாலும் தான் தீர்த்துவைத்ததாக எவரும் சொல்லிவிடக்கூடாது என்பதில் கவனமாக இருந்தார். வெட்டை இன்றிலிருந்து நிறுத்திவைக்கிறேன், ஆனால் பதிவைத் திருத்த எனக்கு அதிகாரமில்லை, இருபத்துநாலாம் திகதி மூன்று பேர் கொண்ட குழு இருந்து விசாரிக்கும் என்றார். மகன் நேரில் வரவேண்டும். அவன் இங்கே இருந்துதான் வேலை செய்தவன் என்பதை அவனே சொல்லவேண்டும். வராவிட்டால் பதிவு பதிவுதான், வெட்டும் வெட்டுத்தான்.

இருபத்துநாலு என்று சொல்லும்போது டிலுக்ஷனைப் பார்த்தே சொன்னார்.

இதை எழுத்தில் தரச்சொல்லி இன்பமலர் கேட்டாள். பின்னேரம் வாருங்கள் என்றார். இருக்கிறேன் என்று சொல்லிக் கதிரையில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள். சாப்பாட்டு நேரம் நெருங்கியது. பத்து நிமிசத்தில் கடிதம் வந்தது. அவர் அதையும் கடவுச்சீட்டையும் ஒன்றாக நீட்டினார். கிட்ட இருந்தவள் இன்பமலர். இரண்டையும் வாங்கித் தன்னுடைய பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடினாள்.

வெளியே வந்ததும் குணரத்தினம் அவளுக்குப் பின்னால் ஓடிவந்தார்.

“காலமை நான் உள்ளுக்க போய் ஒரு சொல்லுப் போட்டபடியால்தான் அவன் இப்பிடி இறங்கி வந்தவன். விளங்குதோ?”

இன்பமலர் அவருடைய சட்டைப் பையைப் பார்த்தாள். அந்தப் புள்ளிக்கோடு போட்ட கடதாசி இன்னும் அங்கே நீட்டிக்கொண்டிருந்தது. “பத்திரமா வைச்சிருங்கோ அத்தான்,” என்றாள். “உங்களுக்கே ஒரு நாளைக்குத் தேவைப்படும்.”

*

பஸ்ஸில் தாயும் மகனும் ஒரே சீற்றில் இருந்தார்கள்.

இரண்டு தரிப்பிடம் கழித்து அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்த ஏஜென்சி, என்ன வேலை, எத்தனை வருசம். தகரத்தில் மீன் அடைக்கிற இடம், இரண்டு வருசம் என்றான். பாஸ்போட் ஏன் சேட்டுக்குள் இருந்தது என்று கேட்டாள். இன்று காலைதான் ஏஜென்சிக்காரன் ஜெட்டிக்கு வந்து விசாவோடு திருப்பித் தந்தவன் என்றான். எனக்கு எப்போது சொல்ல இருந்தாய் என்றும் கேட்டாள்.

“கட்டுநாயக்கா எயார்போட்டில நிண்டு போன் பண்ணுவம் எண்டிருந்தனான்.”

“உள்ளுக்க போக முதலோ, போன பிறகோ?”

அவன் யன்னலுக்கு வெளியே பார்த்தான். “போன பிறகு,” என்றான்.

பொய் சொல்லவில்லை. அதற்காக அவனை மெச்சலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் அந்தக் கடவுச்சீட்டை மேசையில் வைக்காமல், தொலைந்துபோனது என்றோ இல்லை என்றோ சொல்லியிருக்கலாம். தகப்பனுடைய காசுக்காகத் தன்னுடைய ரகசியத்தைத் தூக்கிப் போட்டவன். அதையும் அவள் யோசித்தாள். யோசித்துக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

“மூண்டு நாலு மாதமாக் கப்பல் குறைவெண்டாய்.”

“கப்பல் குறையேல்லை அம்மா.”

அதாவது வீட்டுக்குத் தராத காசு ஏஜென்சிக்குப் போயிருக்கிறது. கந்தோர் வெட்டிய அதே மாதங்களில் இவனும் வெட்டியிருக்கிறான்.

“கந்தோராவது கடிதம் போட்டு வெட்டினது,” என்றாள் இன்பமலர்.

அவன் இதற்குப் பிறகு நிறையக் கதைத்தான். அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. லோஞ்சில் இன்னும் பத்து வருசம் நின்றாலும் லோஞ்ச்தான். அங்கே போனால் மாதம் மாதம் அனுப்பலாம். அப்பாவை நல்ல இடத்தில் காட்டலாம். இந்தப் பிச்சைச் சம்பளத்தைத் தூக்கிச் சோமசேகரத்தின் மூஞ்சியில் எறியலாம். அந்தக் கடைசி வார்த்தை ஒரு கணம் அவளுக்கும் இனித்தது. எறிந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள், விசிறிக் காற்றில் தாள்கள் அவருடைய முகத்தில் ஒட்டுவதையும் பார்த்தாள்.

ஆனால் முதல் ஆறு மாதச் சம்பளம் ஏஜென்சிக்கு என்று அவனே சொன்னான். ரியூப் ஆறு மாதம் பொறுக்காது. இருபத்துநாலாம் திகதி இவன் போய் நிற்காவிட்டால் அந்த ஆயிரம் ரூபாய்த் தாள் திரும்பவும் வரும், முப்பது மாதம் வரும்.

பயணத்தைப் பிந்திப்போட ஏலாதா என்று கேட்டாள். பிந்தினால் இடம் போய்விடும், கட்டின காசும் போய்விடும் என்றான்.

*

கிறிஸ்தோபர் நித்திரை கொள்ளாமல் கிடந்தான். வாசற்கதவுச் சத்தம் கேட்டதுமே, என்ன நடந்தது என்று அறைக்குள்ளிருந்து கேட்டான்.

வெட்டு நின்றுவிட்டது, இருபத்துநாலாம் திகதி குழு விசாரிக்கும் என்றாள் இன்பமலர். கஜந்தியின் கதையைச் சொன்னாள். வெளியில் என்ற சொல்லால் வந்த வினை என்று கேட்டபோது அவன் சிரித்தான். ஒன்பது வருசத்தில் அவள் அப்படி ஒரு சிரிப்பை இரண்டு தரமோ மூன்று தரமோதான் கேட்டிருக்கிறாள். கட்டிலுக்கு மேலே கட்டியிருந்த கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, தானாகவே நிமிர்ந்து இருந்தான்.

“இருபத்திநாலு நானும் வாறன்,” என்றான். “கடதாசியில பாத்துப் பாத்துத்தானே வெட்டினவங்கள். ஆளைப் பாக்கட்டும், பையையும் பாக்கட்டும். தம்பி, ஓட்டோவில ஏத்தி இறக்க நீ என்னைத் தூக்குவாய்தானே?”

டிலுக்ஷன் கட்டிலடியில் நின்றான். தகப்பனுடைய தோளுக்குப் பின்னால் தலையணையைச் சரிசெய்தான். பிறகும் சரிசெய்துகொண்டே இருந்தான்.

“ஓம் அப்பா.”

இன்பமலர் குசினிக்குள் போனாள். பையை ஆணியில் கொளுவவில்லை. தோளிலேயே கிடந்தது. சட்டியில் ஊறப்போட்டிருந்த சூடை மீனை எடுத்து ஒவ்வொன்றாகத் தலை கிள்ளினாள். கொஞ்ச நேரத்தில் அவன் பின்னால் வந்து நின்றான்.

“அம்மா, பாஸ்போட்டைத் தாங்கோ.” தணிந்த குரலில்தான் கேட்டான்.

“இருபத்திநாலாந் திகதி பின்னேரம் கேள்.”

“அம்மா, பிளேன் இருபத்தொண்டு.”

அவள் கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டாள். கையைக் கழுவினாள். துடைத்துக்கொண்டு திரும்பினாள். அவள் அழுவாள் என்று அவன் எதிர்பார்த்திருந்தால் ஏமாந்துபோயிருப்பான்.

“நான் உன்னைப் பிடிச்சு வைக்கேல்லை,” என்றாள். “இப்பவே தாறன். முதல் அந்த அறைக்குள்ள போ. இருபத்திநாலு உங்களைத் தூக்க நான் இருக்க மாட்டன் அப்பா எண்டு வாயைத் திறந்து சொல்லு. போன்ல இல்லை, கட்டுநாயக்காவில இருந்தில்லை. முகத்தைப் பாத்துச் சொல்லு. சொல்லிப்போட்டு வந்து பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு போ.”

அவள் குரலைத் தணிக்கவில்லை. மெல்லிய பலகைச் சுவர். அறைக்குள் கட்டில் கிரீச்சிட்டது. தகப்பன் கயிற்றைப் பிடித்து இன்னும் கொஞ்சம் நிமிர்ந்திருக்கவேண்டும்.

“இன்பம்,” என்றான் கிறிஸ்தோபர். “ஆருடைய பாஸ்போட்?”

டிலுக்ஷன் தாயைப் பார்த்தான். அவள் சட்டிக்குத் திரும்பி அடுத்த மீனை எடுத்தாள். அவனுக்காக அவள் பதில் சொல்லவில்லை.